போடு, மேப்ரி, போடு

அந்த அழைப்பு வந்தபோது கார்டெல் மேப்ரி பள்ளிப் பேருந்தின் கடைசி இருக்கைக்கு அடியில் குனிந்து, எந்தப் பிள்ளையோ ஒட்டிவைத்துவிட்டுப் போன சூயிங்கத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"டொலிடோ பைலட்ஸ் ஆபீஸ்ல இருந்து பேசறேன்" என்றது ஒரு பெண் குரல்.

"நான் போப்பாண்டவர் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டான். பேருந்து நிலையத்தில் இப்படி விளையாடுவதற்கென்றே நாலு பேர் இருந்தார்கள். இரண்டாம் முறை மணி அடித்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஊரின் கூடைப்பந்து அணியான பைலட்ஸில் பத்து நாள் ஒப்பந்தம் என்றாள் அந்தப் பெண். மார்ச் மாதம், ஆட்டப் பருவம் முடிய ஐந்தாறு வாரமே இருந்தது. நாளைக் காலையே அரங்கத்துக்கு வர முடியுமா என்று கேட்டாள். கார்டெலின் கையில் சுரண்டும் தகடு இருந்தது. அதைக் கீழே வைக்காமலே "வரேன்" என்றான்.

அவனுக்கு முப்பத்திரண்டு வயது. டொலிடோவில், ஆற்றுக்குக் கிழக்கே எண்ணெய் ஆலை நாற்றம் வீசும் தெருக்களில் வளர்ந்தவன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவன் படம் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்திருக்கிறது. பிறகு பெயர் தெரியாத ஒரு சின்னக் கல்லூரி. அதன் பிறகு லிதுவேனியா, உருகுவே, தைவான். மூன்று நாட்டிலும் அவனைச் சேர்த்துக்கொண்ட காரணம் ஒன்றுதான். எதிராளியை ஒட்டிக்கொண்டால் விடமாட்டான். மூன்று நாட்டிலும் வெளியே அனுப்பிய காரணமும் ஒன்றுதான். பந்தைக் கூடையில் போட வராது. முழங்கால் கெட்டதும் ஊருக்குத் திரும்பி, அக்கா ரெனிட்டாவின் வீட்டு மாடியறையில் தங்கிக்கொண்டு பேருந்து ஓட்டினான். சனி ஞாயிறுகளில் பக்கத்து ஊர்ச் சின்ன அணிக்காக ஆடினான். அங்கேயும் அவன் போடும் பந்து பெரும்பாலும் வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பி வந்தது.

நிலைய மேற்பார்வையாளர் மார்லீன் கூச், அவன் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கையை நீட்டினாள்.

"போறியா, போ. வண்டிச் சாவிய வச்சுட்டுப் போ. பத்து நாள் கழிச்சு வந்து இது என் வண்டின்னு நிக்காத."

"நிக்கமாட்டேன் மார்லீன். நான் இனிமே அங்கதான்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டுப் போறாங்க" என்று சாவியை இழுப்பறையில் போட்டுக்கொண்டாள்.

ரெனிட்டா வேறு மாதிரி கேட்டாள். முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து, காலைச் சுடுதண்ணீரில் வைத்தபடி கேட்டாள்.

"எதுக்குடா உன்னக் கூப்பிடறாங்க?"

"ஊர்க்காரன்னு கூப்பிடறாங்க."

"ஊர்ல எத்தன பேர் இருக்காங்க."

அவன் மாடியேறிப் போய்ப் பழைய ஆட்டக் காலணியைத் தேட ஆரம்பித்தான். அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

அந்த வருடம் பைலட்ஸ் தோற்பதற்காகவே ஆடிக்கொண்டிருந்தது. இது ஒன்றும் ரகசியமில்லை. பருவம் முடிந்ததும் கல்லூரிகளிலிருந்து வரும் இளைஞர்களை அணிகள் வரிசையாகப் பொறுக்கிக்கொள்ளும். யார் முதலில் பொறுக்குவது என்று குலுக்கிப் பார்ப்பார்கள். அதிகம் தோற்ற அணிகளுக்குக் குலுக்கலில் அதிக வாய்ப்பு. அந்த வருடம் பொறுக்க வேண்டிய பையன் ஆஷர் வின்ஸ்லோ. ஏழடி உயரம், பத்தொன்பது வயது. ஓடினால் மான், எம்பினால் இறங்குவதற்கு நேரமெடுக்கும். அவன் வந்தால் பத்து வருடத்துக்குக் கவலையில்லை என்று ஊரே பேசியது. அதனால் பைலட்ஸின் நல்ல ஆட்டக்காரன் டேமியன் ஓக்ஸுக்கு ஜனவரியிலிருந்து கணுக்கால் வலி. வலி இருக்கும் காலோடு அவன் ஆட்டத்துக்கு முன் பாட்டுக்கு ஆடுவான். ஆட்டம் தொடங்கியதும் கோட்டுப் போட்டுக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்து சோளப்பொரி தின்பான்.

இதெல்லாம் கார்டெலுக்கும் தெரியும். ஆனால் நிர்வாகம் தோற்கிறது, நான் ஆடுகிறேன், இரண்டும் வேறு வேறு என்று அவன் நினைத்தான். எல்லோரும் சோம்பி நிற்கும் இடத்தில் ஒருவன் மட்டும் வியர்வை சிந்தினால் அது யார் கண்ணிலும் படாமல் போகாது என்று நம்பினான். அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அடுத்த வருடமும் அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் ஆட்டத்துக்கு முன் பயிற்சியாளர் வெஸ் ஹால்டேன் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பந்து கைக்கு வந்தா போடு. யோசிக்காத. தப்பினா கவலப்படாத, திரும்பவும் போடு."

"நான் டிஃபென்ஸ் நல்லா பண்ணுவேன் கோச்."

"அத நாங்க பாத்துக்கறோம். நீ போடு."

வாழ்நாளில் எந்தப் பயிற்சியாளரும் கார்டெலிடம் இப்படிச் சொன்னதில்லை. 'நீ மட்டும் போடாதே' என்று மூன்று மொழிகளில் கேட்டவன் அவன். கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான்.

அன்று அவன் போட்ட முதல் பந்து வளையத்தையே தொடவில்லை. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. நம் ஊர்ப் பையன், முதல் நாள், பயந்திருப்பான், தைரியம் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டான். இரண்டாவது பந்து கூடைக்குப் பின்னால் இருக்கும் பலகையின் ஓரத்தில் பட்டு யாரோ ஒருவரின் பீர் கோப்பையைத் தட்டிவிட்டது. கைதட்டல் இன்னும் பெரிதானது. அதன் பிறகு அவன் கைக்குப் பந்து வரும்போதெல்லாம் மேல் வரிசையிலிருந்து தொடங்கி அரங்கம் முழுவதும் ஒரே குரலாகக் கத்தியது. "போடு, மேப்ரி, போடு." பத்து தடவை போட்டான். ஒன்று விழுந்தது. அது விழுந்தபோது மட்டும் கைதட்டல் கொஞ்சம் தளர்ந்ததை அவன் கவனித்தான். களைத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தான்.

இன்னொன்றையும் கவனித்தான். சின்னப் பையன் யாராவது தொடர்ந்து இரண்டு மூன்று கூடை போட்டுவிட்டால் ஹால்டேன் உடனே வெளியே இழுத்து, "மூச்சு வாங்கிக்கோ" என்று உட்காரவைப்பார். இளசுகள் மேல் எவ்வளவு அக்கறை என்று கார்டெல் அவரை மெச்சிக்கொண்டான். அவனுக்கு மட்டும் மூச்சு வாங்க விடவே இல்லை. கடைசிவரை ஆடினான்.

டெல்ரேயின் முடிதிருத்தும் கடையில் இப்போது அவனுக்குத் தனி மரியாதை. கதவைத் திறந்ததும் சத்தம் எழும். டெல்ரே காத்திருப்பவரை எழுப்பிவிட்டு அவனை உட்காரவைப்பான். காசு வாங்கமாட்டான்.

"நீ எங்க ஆளுடா. உன்கிட்ட காசு வாங்கினா கை அழுகிப் போயிடும்."

ஓரத்தில் ஹாலிஸ் உட்கார்ந்திருப்பார். கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். முடி இல்லாதவர், பேசுவதற்காகவே வருபவர். அவருக்கும் டெல்ரேக்கும் எப்போதும் ஒரே சண்டை.

"நான் டிக்கெட்டுக்குக் குடுக்கற காசு மட்டும் நெசமா இருக்கணும், ஆட்டம் மட்டும் பொய்யா இருக்கலாமா?" என்பார் ஹாலிஸ்.

"ஐயா, நடுவுல கெடக்கறதுதான் நரகம்" என்பான் டெல்ரே. "மேலயும் போகாம கீழயும் போகாம பன்னெண்டு வருஷம் கெடந்தோம். யாருக்கு என்ன லாபம்? ஒரு வருஷம் செத்துக் கெடந்தா பத்து வருஷம் வாழலாம். லீக் போட்ட சட்டம் அப்படி. நாம என்ன பண்றது?"

"தோக்கப் பழகினவனுக்கு அது அப்புறம் விடுமா?"

"வின்ஸ்லோ வரட்டும், விட்டுடும். என்ன மேப்ரி, நீ சொல்லு."

"நான் ஜெயிக்கத்தான் ஆடறேன்" என்றான் கார்டெல், கழுத்தில் துண்டோடு.

கடையே சிரித்தது. டெல்ரே கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுச் சிரித்தான். ஹாலிஸ் மட்டும் சிரிக்கவில்லை. கார்டெலும் கூடச் சேர்ந்து சிரித்தான். தன்னடக்கமில்லாமல் பேசிவிட்டோம் என்று அவனுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பத்து நாள் முடிந்து இன்னொரு பத்து நாள் கிடைத்தது. அதன் பிறகு பருவம் முடியும்வரை என்று ஒப்பந்தம் போட்டார்கள். அணியின் மேலாளர் நீல் பிராண்ட்வெய்ன் தானே வந்து கை குலுக்கினார். "உன்ன மாதிரி ஆளு கிடைக்கறது கஷ்டம் கார்டெல். கோடையில உக்காந்து பேசுவோம்." கோடையில் உட்கார்ந்து பேசுவோம். முகம் மழிக்கும்போது கண்ணாடியைப் பார்த்து இதைச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பான்.

அரங்கத்துக்கு வெளியே சட்டை விற்றார்கள். 'மேப்ரி இருக்கும்வரை கவலை இல்லை' என்று அச்சடித்த நீலச் சட்டை. கார்டெல் மூன்று வாங்கினான். விற்றவன் அவனை அடையாளம் கண்டுகொண்டு, தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டான். சட்டைக்கு விலை குறைக்கவில்லை.

ஒன்றை அக்காவிடம் கொடுத்தபோது அவள் ஏரி மீனை மாவில் புரட்டிப் பொரித்துக்கொண்டிருந்தாள். விரித்துப் பார்த்தாள். மடித்துக் குளிர்பெட்டியின் மேல் வைத்தாள்.

"இத நான் போடமாட்டேன்."

"ஏன்? சைஸ் சரியில்லையா?"

"கார்டெல், உன்ன வச்சுச் சிரிக்கறாங்கடா." எண்ணெயைப் பார்த்தபடியே பேசினாள். "இல்லத்துல டிவி பாக்கற கெழடுங்க கூடச் சிரிக்குது. நான் பீத்தட்ட எடுத்துட்டு நிக்கறேன், 'உன் தம்பி இன்னிக்கு எத்தன தப்பவிட்டான்'னு கேக்குதுங்க. நீ தப்பவிட்டாத்தான் கை தட்டறாங்க. உனக்குக் காது இல்லையா?"

"எழுந்து நின்னு தட்டறாங்க. நீ பாத்தியா?"

"பாத்தேன். அதனாலதான் சொல்றேன்."

அவனுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "உன்னப் பாத்து யாராவது ஒருத்தன் எழுந்து நின்னிருக்கானா? பீத்தட்டு தூக்கறவளுக்கு இதெல்லாம் எங்க புரியும்? உனக்குப் பொறாமை."

ரெனிட்டா அடுப்பை அணைத்தாள். பாதி வெந்த மீனை எண்ணெயிலேயே விட்டுவிட்டுத் தன் அறைக்குப் போனாள். அதன் பிறகு இரண்டு வாரம் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. சட்டை குளிர்பெட்டியின் மேலேயே கிடந்தது.

கடைசி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மதியம். அதில் தோற்றால் பைலட்ஸ் கடைசி மூன்று இடங்களுக்குள் முடிக்கும். குலுக்கலில் அந்த மூன்று அணிகளுக்குத்தான் மிக அதிக வாய்ப்பு. ஜெயித்தால் கடைசியிலிருந்து நாலாவதாகி, அந்த மூன்றுக்கு வெளியே போய்விடும். அரங்கம் நிரம்பியிருந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் ஆஷர் வின்ஸ்லோவின் முகத்தை அச்சடித்த காகித முகமூடி போட்டிருந்தார்கள். கண்ணுக்கு மட்டும் துளை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே பையன் அதே சிரிப்போடு உட்கார்ந்திருந்தான்.

எதிரணிக்கு அந்த ஆட்டத்தால் ஆவது ஒன்றுமில்லை. அடுத்த சுற்றுக்கு ஏற்கெனவே போய்விட்ட அணி அது. அதனால் அவர்களும் தேர்ந்த ஆட்டக்காரர்களை உட்காரவைத்துவிட்டார்கள். உப்புக்குச் சப்பாணிகள் இரண்டு பக்கமும் ஆட, ஆட்டம் கடைசிவரை இழுத்துக்கொண்டே போனது. சில வினாடிகள் மிச்சமிருந்தபோது பைலட்ஸ் ஒரே ஒரு புள்ளி பின்னால் நின்றது. பந்து பைலட்ஸ் கையில். அரங்கத்தில் யாரும் உட்காரவில்லை.

ஹால்டேன் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி எல்லோரையும் கூப்பிட்டார். கையிலிருந்த எழுதுபலகையில் வேகமாக ஒரு கோடு இழுத்தார். கோட்டின் முனையில் 'மேப்ரி' என்று எழுதினார்.

"கடைசிப் பந்து கார்டெலுக்கு."

ஒருவன் இருமுவதுபோலச் சிரிப்பை மறைத்தான். கார்டெலுக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், கோட்டுப் போட்ட டேமியன் ஓக்ஸ் பக்கத்தில் நின்றான்.

"அண்ணே, எதுக்கு உனக்குப் பந்து வருதுன்னு தெரியுமில்ல?"

"கோச் என்ன நம்பறாரு."

ஓக்ஸ் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கார்டெல் அவனை நம்பியிருக்க மாட்டான்.

"நம்பறாருதான். நீ கூடையில போடமாட்டேன்னு நம்பறாரு. சின்ன லீக்ல இருக்கறவன் அத்தன பேரையும் அலசிப் பாத்துத்தான் உன்ன எடுத்தாங்க. உன்ன விட மோசமாப் போடறவன் கிடைக்கல. இந்த ஜனம் கை தட்டறதும் அதுக்குத்தான்." கார்டெலின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நீ தெரிஞ்சுதான் பண்றேன்னு நெனச்சேன்ணே."

"தெரியும்" என்றான் கார்டெல்.

"அப்ப சரி. தப்பவிடு. அடுத்த வருஷமும் நீ இங்கதான். யாருக்கும் நஷ்டமில்ல."

கார்டெல் ஆடுகளத்துக்குள் நடந்தான். மூன்றாவது வரிசையில் டெல்ரே நீலச் சட்டையோடு இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். "போடு, மேப்ரி, போடு." இத்தனை நாள் கேட்ட அதே குரல்தான். இப்போது அது முழுதாகக் கேட்டது. பத்து தடவை போட்டு ஒன்று விழுந்த நாள் நினைவுக்கு வந்தது. பிராண்ட்வெய்ன் கை குலுக்கியது நினைவுக்கு வந்தது. அக்கா அடுப்பை அணைத்தது நினைவுக்கு வந்தது. மார்லீனின் இழுப்பறையில் கிடக்கும் சாவியும், இருக்கைகளுக்கு அடியில் இருக்கும் சூயிங்கமும் நினைவுக்கு வந்தன.

அவன் ஒரு முடிவுக்கு வந்தான். தப்பவிடுவது என்று.

அதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டுமே. அவன் பந்து எப்போதும் வளையத்துக்கு முன்னாலேயே விழும். வழக்கம்போல் போட்டு, அது தப்பித்தவறி உள்ளே போய்விட்டால்? அதனால் ஓங்கி, வளையத்துக்கு மேலே, பலகையைத் தாண்டிப் பார்வையாளர் மடியில் விழும்படி எறிய நினைத்தான். பந்து வந்தது. எம்பினான். ஓங்கி எறிந்தான். அவன் கை, என்றைக்கும் போல, அவன் சொன்னதைக் கேட்கவில்லை. கொஞ்சம் முன்னாலேயே தளர்ந்தது. பலகையைத் தாண்ட வேண்டிய பந்து பலகையில் பட்டு, நேராகக் கூடைக்குள் இறங்கியது.

நேரம் முடிந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆட்டம் முடிந்தது. பைலட்ஸ் ஜெயித்துவிட்டது.

அவ்வளவு பேர் இருக்கும் இடத்தில் அப்படியொரு அமைதியை அவன் கேட்டதில்லை. முகமூடிகள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தன. பிறகு மேல் வரிசையிலிருந்து ஊளை தொடங்கியது. ஐஸ் நிறைந்த கோப்பை ஒன்று அவன் காலடியில் வந்து உடைந்தது. டெல்ரே சட்டையைத் தலைவழியாகக் கழற்றி, சுருட்டி, ஆடுகளத்துக்குள் எறிந்துவிட்டு வெறும் பனியனோடு நடந்து போனான். ஹால்டேன் கடந்து போகும்போது, அவனைப் பார்க்காமலே "நல்ல ஷாட்" என்றார்.

உள்ளே நிருபர்கள் காத்திருந்தார்கள். ஒருவன் ஒலிப்பதிவுக் கருவியை வாயருகே நீட்டினான்.

"ஊரோட கனவையே ஒடச்சிட்டீங்களே. அந்த நேரத்துல என்ன நெனச்சீங்க?"

வேண்டுமென்றே தப்பவிடத்தான் பார்த்தேன், அதுவும் எனக்கு வரவில்லை என்று எப்படிச் சொல்வது?

"ஜெயிக்கத்தானே ஆடறோம்" என்றான் கார்டெல்.

மறுநாள் அரங்கத்துக்குப் போனபோது, உடைமாற்றும் அறையில் அவன் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த பெயரைக் கிழித்திருந்தார்கள். அவன் செருப்பும் சோப்பும் ஒரு பிளாஸ்டிக் பையில் காவலாளியிடம் இருந்தன. மே மாதம் குலுக்கலில் வின்ஸ்லோ வேறு ஊருக்குப் போனான். அன்று யாரோ ரெனிட்டாவின் வீட்டு வாசலில் அழுகிய மீனைக் கொட்டிவிட்டுப் போனார்கள். கோடையில் உட்கார்ந்து பேச யாரும் கூப்பிடவில்லை. அவனாகவே கூப்பிட்டபோது, முதலில் அவனை அழைத்த அதே பெண் குரல், "யார் பேசறது?" என்று இரண்டு தடவை கேட்டது.

மார்லீன் அவனுடைய வண்டியை வேறொருவனுக்குக் கொடுத்திருந்தாள். "யாராவது லீவு போட்டா கூப்பிடறேன்" என்றாள். அப்படிக் கிடைத்த நாட்களில், பின் இருக்கைப் பிள்ளைகள் "போடு, மேப்ரி, போடு" என்று பாடியபடி காகித உருண்டைகளை அவன் தலையில் போட்டார்கள். அவர்களுக்குக் குறி தப்பவில்லை.

ஒருநாள் டெல்ரேயின் கடைக்குப் போனான். இரண்டு நாற்காலி காலியாக இருந்தன.

"இன்னிக்கு ஆள் இருக்கு" என்றான் டெல்ரே.

"நாற்காலி காலியா இருக்கே."

"காலியாத்தான் இருக்கு. உனக்கு இல்ல."

ஓரத்திலிருந்து ஹாலிஸ் எழுந்தார். மெதுவாக வந்து கார்டெலின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இந்த ஊர்லயே நெசமா ஆடினவன் நீ ஒருத்தன்தான்யா. சாகறவரைக்கும் சொல்லுவேன்." அந்தக் கையை உதறவும் முடியாமல் பிடிக்கவும் முடியாமல் கார்டெல் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு முடி வெட்டாமலே வெளியே வந்தான்.

வீட்டுக்குள் மீன் பொரியும் வாசனை. அடுப்பங்கரையில் ரெனிட்டா நின்றாள். அந்த நீலச் சட்டையைப் போட்டிருந்தாள். கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது.

"உக்காரு" என்றாள். தட்டை வைத்தாள். எதிரில் உட்கார்ந்தாள். "நான் உன்னத் தப்பா நெனச்சுட்டேன்டா. கைதட்டலுக்காக நீ எதையும் செய்வேன்னு நெனச்சேன்."

"விடுக்கா."

"இல்ல, கேளு. இல்லத்துல இன்னிக்கு ஒரு கெழவன் உன்னத் திட்டினான். போய்யான்னு சொல்லிட்டு, வீட்டுக்கு வந்து இதப் போட்டுக்கிட்டேன். ஊரே தப்பவிடு தப்பவிடுன்னு நிக்குது, நீ போட்டியே. வேணும்னே தப்பவிட்டிருக்கலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

கார்டெல் மீனைப் பிட்டான். முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

"எனக்குத் தெரியுமே" என்றான்.

ரெனிட்டா எழுந்து வந்து, முடி வெட்டாத அவன் தலையில் கையை வைத்தாள். அவள் கையை எடுக்கும்வரை அவன் தட்டைப் பார்த்து மென்றுகொண்டிருந்தான்.